ஐந்து பத்துக்கு ஒரு மிஸ்டு கால்

செஞ்சிக் கோட்டையில் முப்பத்தொரு வருடம் காவல் பார்த்த பீமாராவ், போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை இறந்துபோனார். அறுபத்திரண்டு வயது. ராஜகிரி மலையிலிருந்து இறங்கி வந்து, படி தொடங்குகிற இடத்தில் உள்ள நாலுகால் மண்டபத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அன்றைக்கும் ஐந்து பத்துக்கு மகளுக்கு மிஸ்டு கால் கொடுத்திருந்தார்.

அந்த வீட்டில் மிஸ்டு காலுக்குத் தனிச் சட்டம் உண்டு. ஒன்று வந்தால், மலையை விட்டு இறங்கிவிட்டேன். அடுத்தடுத்து இரண்டு வந்தால், நீ கூப்பிடு. மூன்று வந்தால், உங்கம்மாவோடு சண்டை, வந்து சமாதானம் பண்ணு. ஒன்று வரும்போது எடுக்கவும் கூடாது, திருப்பிக் கூப்பிடவும் கூடாது. காசு போகும் என்று ஒரு காலத்தில் போட்ட சட்டம். மாதத்துக்கு ஒரே கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆன பிறகும் அது மாறவில்லை.

அவருடைய ஒரே மகள் வெண்மதி பதினோரு மாதமாக அந்தக் கடைசி மிஸ்டு காலைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள். நைனா வேலையை முடித்தார். இறங்கினார். என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் போனார். எதையும் அரைகுறையாக விட்டுப் போகவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள் இதைத்தான் சொன்னாள். பெங்களூரில் தனியாக இருக்கும்போது தனக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டாள்.

பெங்களூரில் அவளுக்குச் செயற்கைக்கோள் வேலை. டவர் இல்லாத இடத்திலிருந்து, சாதாரண போனை வைத்தே ஆபத்துச் செய்தி அனுப்புகிற ஏற்பாடு ஒன்றை அவள் கம்பெனி சோதித்துக்கொண்டிருந்தது. குடை மாதிரி ஆண்டெனா வேண்டாம், தனிக் கருவி வேண்டாம். கையில் இருக்கிற போன், தலைக்கு மேல் திறந்த வானம், அவ்வளவுதான். அந்தப் போன் வெளியே விடுகிற சக்தி ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில், நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒரு பெட்டிக்கு அது கேட்க வேண்டும். கேட்கும். ஆனால் நிறையப் பேச முடியாது. அதனால் திரையில் ஒரு பட்டியல் வரும்: கால் முறிந்தது, மயக்கம், வழி தவறியது, வெள்ளம், தீ. ஒன்றைத் தொட்டால் அதன் எண்ணும், ஆள் இருக்கும் இடமும் மேலே போகும். பட்டியலின் கடைசி வரி: நலம், கவலை வேண்டாம்.

இந்தக் கடைசி வரியில்தான் கம்பெனிக்குள் தகராறு. நலம் என்று சொல்பவரின் இடத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா? அனுப்பு, அப்போதுதான் வீட்டில் நம்புவார்கள் என்றார்கள் சிலர். எதற்கு, நன்றாக இருப்பவன் எங்கே இருந்தால் உனக்கென்ன என்றார்கள் சிலர். வெண்மதியின் மேலதிகாரி அரிகிருஷ்ணன், அவலூர்பேட்டைக்காரர், முடிவை அவள் தலையில் கட்டினார்.

"கோட்டை மலையில மூணு எடத்துல டெஸ்ட் பண்ணிட்டு வா. அந்தக் கடைசி வரியப் பத்தி நீ இன்னா சொல்றியோ அதுதான் டிசைன்ல போவும். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிடணும்."

"வேற மலைக்குப் போறேன் சார்."

"உன் கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும்மா. ஆனா அந்த மலைய உன்னவிடத் தெரிஞ்ச ஆளு யாரு இருக்குறா?"

ஒருவர் இருந்தார். அதைச் சொல்லாமல் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை அவள் செஞ்சிக்கு வந்து இறங்கினாள்.

பீமாராவுக்கு அந்தப் பேரை வைத்தவர் அவருடைய அப்பா கலியபெருமாள். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறில் நீலக்கொடி பிடித்து விழுப்புரம் வரை கூட்டத்துக்கு நடந்தே போய் வந்த மனிதர். பேரிலாவது படிப்பு இருக்கட்டும் என்று, நாட்டின் சட்டம் எழுதிய மேதையின் பேரை வைத்தாராம். பேருக்குரிய படிப்பு எட்டாவதோடு நின்றது. தொண்டூர்ப் பக்கம் சில வருடம் ஜல்லி உடைத்தார். மீனம்பாளைக் கட்டிய பிறகு கோட்டையில் தினக்கூலிக்குப் புல் செதுக்கப் போய், அப்படியே காவலுக்கு வந்தார்.

மராட்டியர் ஆண்ட கோட்டை என்பதால் மகாராஷ்டிரத்திலிருந்து வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். காவிக்கொடியும் கோஷமுமாக வந்து நிற்பவர்கள், வாசலில் நிற்கிற கறுத்த, ஒல்லியான ஆளிடம் பேர் கேட்பார்கள்.

"பீமாராவ்."

அவ்வளவுதான். "பீம்ராவ்! பீம்ராவ்!" என்று கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். படபடவென்று மராட்டியில் பேசுவார்கள். அவரும் விடமாட்டார். "ஆமாங்க, ஆமாங்க, கொரங்கு கீது, பையப் பத்திரமாப் பிடிங்க, தண்ணி எடுத்துகினு ஏறுங்க" என்று தமிழில் பதில் சொல்வார். இரண்டு பக்கமும் ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்குப் புரியாது. இரண்டு பக்கமும் திருப்தியாகப் பிரிவார்கள். கூட வேலை பார்த்த தனசேகரன், மகாராஷ்டிர வண்டியைப் பார்த்தாலே கத்துவார்: "மச்சான், உன் பங்காளிங்க வந்துட்டானுங்க. சொத்துல பாகம் கேளு, உடாத!"

மலை ஏற மூன்று மணிக்கு மேல் விடமாட்டார்கள். கடைசியாக ஏறுகிறவர்களின் பின்னால் பீமாராவும் ஏறுவார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கும்; அதன்மேல் ஒரு பாலம். அங்கே நின்று நாலரைக்கு விசில் ஊதுவார். எல்லோரையும் முன்னால் விட்டு, பின்னால் இறங்குவார். ஆடு ஓட்டுவது மாதிரிதான், ஆனால் ஆடு போட்டோ எடுக்காது என்பார். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒருத்தர், சூரியன் விழுவதைப் படம் எடுக்காமல் இறங்கமாட்டேன் என்று கேமராக் காலை ஊன்றிவிட்டார். பீமாராவ் பக்கத்தில் போய் நின்றார். "சார், சூரியன் நாளைக்கும் வரும். எங்க ஊரு டவுன் பஸ்ஸு வராது." அந்த ஆள் சிரித்துக்கொண்டே காலை மடக்கினார்.

ஏறியவர்கள் எல்லோரும் இறங்கினார்களா என்று பார்க்க அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. சட்டையின் இடது பையில் புளியங்கொட்டை. கடைசி ஒரு மணி நேரத்தில் படியைத் தாண்டிப் போகிற தலைக்கு ஒரு கொட்டை உள்ளே விழும். இறங்கும்போது ஒவ்வொரு தலைக்கும் ஒரு கொட்டை வலது பைக்கு மாறும். இடது பை காலியானால்தான் மலை காலி. ஒருமுறை ஒரு கொட்டை மிஞ்சிவிட்டது. திரும்ப ஏறிப் போய்த் தேடினார். நெற்களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பையன், காதலி கோபித்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போய்விட்டாள் என்று அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் மீனம்பாள் கத்துவாள்: "காவலுக்குப் போறியா, புளி வியாபாரத்துக்குப் போறியா? கல்லுல அடிச்சா டப்பு டப்புன்னு வெடிக்குது!"

வெண்மதி பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போன வருடம் பட்டன் போன் வாங்கினார். அவளும் ஹாஸ்டலில் ஒன்று வைத்துக்கொண்டாள். மிஸ்டு கால் சட்டம் அப்போது வந்ததுதான். முதல் மாதத்தில் மணி முன்னே பின்னே இருக்கும். ஒருநாள் ஆறே கால், ஒருநாள் ஏழு. ஒரு சாயங்காலம் வரவே இல்லை. ஏழு மணி, ஏழரை. வெண்மதி அழுது, வார்டனைக் கூப்பிட்டு, தனசேகரனுக்குப் போன் போட்டு, மாமா மலைக்குப் போய்ப் பாருங்க என்று கத்தி, ஹாஸ்டலையே இரண்டாக்கிவிட்டாள். எட்டு மணிக்குத்தான் பீமாராவ் கூப்பிட்டார். யாரோ ஒரு அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது, தூக்கிக்கொண்டு வர நேரமாகிவிட்டது.

"இன்னாத்துக்கு இப்பிடிப் பயந்து சாவற? மலை உங்கப்பன முழுங்கிடுமா?"

"நீ கூப்புடாத வரைக்கும் என்னால படிக்க முடியலப்பா. புக்கத் தொறந்தா படி படியாத் தெரியுது."

"சரி. இனிமே லேட் ஆவாது."

ஆகவில்லை. அடுத்த நாளிலிருந்து ஐந்து பத்து. பரீட்சை நாளிலும், வேலை கிடைத்த நாளிலும், வெயிலிலும், ஐப்பசி மழையிலும், பன்னிரண்டு வருடம், ஐந்து பத்து. போன் ஒருமுறை சிணுங்கும், நிற்கும். வெண்மதி கையில் இருக்கிற வேலையை விட்டு ஒரு மூச்சு விடுவாள். பிறகு தொடர்வாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது டீக்கு எழுந்திருக்கிற மணி.

புதன்கிழமை மத்தியானம் முதல் சோதனையை அடிவாரத்தில் வைத்துக்கொண்டாள். வேண்டுமென்றேதான். நைனா கடைசியாகக் கூப்பிட்ட இடம். அங்கேயே தொடங்கலாம் என்று தோன்றியது. தனசேகரன் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். இப்போது அவர்தான் மூத்த காவலாள்.

"இம்மாத்தூண்டு போனு மேல இருக்குறதுக்குக் கேக்குமா?"

"கேக்கும் மாமா."

"எங்கூட்டுக்காரிக்குக் கொல்லையிலேர்ந்து கூப்டா வாசலுக்குக் கேக்கல."

மண்டபத்துக்கு வெளியே, வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள். ஒரு பக்கம் மலை தலைக்கு மேல் சாய்ந்து நின்றது. மற்ற பக்கங்களில் கோட்டைச் சுவர். சோதனைப் போனில் 'மயக்கம்' என்ற வரியைத் தொட்டாள். முப்பத்தெட்டு நொடியில் செய்தி போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. படிவத்தில் குறித்துக்கொண்டாள். அடுத்த கட்டம்: அந்த இடத்தில் டவர் சிக்னல் எவ்வளவு. சோதனைப் போனைப் பார்த்தாள். இல்லை. தன் போனைப் பார்த்தாள். இல்லை. தனசேகரன் போனை வாங்கிப் பார்த்தாள். அதிலும் இல்லை. மண்டபத்தைச் சுற்றி வந்தாள். படியோரம் போனாள். எங்கேயும் ஒரு கோடு கூட ஏறவில்லை.

"மாமா, இங்க டவர் எடுக்குமே? எப்போலேர்ந்து போச்சு?"

"இங்கியா? இங்க எந்தக் காலத்துல எடுத்துச்சி? பாறை மறைக்குது இல்ல. கேட்டாண்ட போனாத்தான்…"

பாதியில் நிறுத்தினார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வெயில் ஏறுது பாப்பா. நான் போய் டீ வாங்கியாறேன்."

டீ வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை.

வெண்மதி மண்டபத்து நிழலில் உட்கார்ந்தாள். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து மிஸ்டு கால் வராது. இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியர் ஆக வேண்டியதில்லை. கேட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருப்பார் என்றால், கேட்டிலிருந்து திரும்ப இங்கே வந்து ஏன் உட்கார்ந்தார்? போனை எடுத்துப் பழைய அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். அவள் அதை அழிக்கவே இல்லை. 5.10. 5.10. 5.11. 5.10. 5.10. விரலால் தள்ளத் தள்ள அதே எண் ஓடியது. இருநூறு ஆள் ஏறின ஞாயிற்றுக்கிழமையும் 5.10. மழைக்கு ஒருத்தர் கூட ஏறாத செவ்வாய்க்கிழமையும் 5.10.

அவள் தொழிலில் இது முதல் பாடம். ஒரு சிக்னல் எந்த வழியாக வந்தாலும், வழியின் மேடு பள்ளம் அதன் நேரத்தில் தெரியும். கிழவிகளையும் குழந்தைகளையும் பின்னால் ஓட்டிக்கொண்டு ஒரு மலையை இறங்குகிற மனிதன் தினமும் ஒரே நிமிடத்தில் அடிவாரம் தொட முடியாது. எதையும் பொருட்படுத்தாமல் வருகிற ஒன்றுதான் இப்படி வரும். பன்னிரண்டு வருடம் இந்த எண்ணைப் பார்த்து நைனா எவ்வளவு ஒழுங்கு என்று பெருமைப்பட்டிருக்கிறாள். ஒருநாள் கூடச் சந்தேகப்பட்டதில்லை.

வீட்டுக்குப் போனாள். காலனியில் அதே இரண்டு அறை வீடு. மீனம்பாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுப் படுத்தவள் தூங்கவில்லை. சாயங்காலம் பீரோவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கீச்சென்ற, பழைய பட்டன் போன் சத்தம்.

"இன்னாம்மா அது?"

"உங்க நைனா போனுதான். சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். மாத்திர போடுற அலாரம். பிரஷர் மாத்திர."

வெண்மதி மணி பார்த்தாள். ஐந்து எட்டு.

"மாத்திரை காலைலதானே போடுவாரு?"

"சாயந்தரமும் ஒண்ணு உண்டுன்னாரு. நான் இன்னாத்தக் கண்டேன்? மலைமேல இருக்குற மனுசன் போட்டாரா போடலையான்னு." மீனம்பாள் பீரோவைத் திறந்து, அலாரத்தை அமர்த்திவிட்டு, போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். "நிறுத்தத் தெரியும். ஆனா நிறுத்த மாட்டேன். கெடக்குது போ, தெனம் ஒருவாட்டி கத்திட்டுப் போவட்டும்."

வெண்மதி ஐந்து பத்து ஆகும்வரை அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கேட் திறக்கும் முன்பே போய்த் தனசேகரனைப் பிடித்துவிட்டாள்.

"டீ எங்க மாமா?"

"பால் வரல பாப்பா."

"நேத்து வாங்கப் போன டீ."

தனசேகரன் அவளைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். எதுவும் எடுக்கவில்லை.

"ஏறு. மேல போய்ப் பேசலாம். இங்க ஆளுங்க வருவானுங்க."

பாதி மலை வரை ஏறினார்கள். குரங்குகள் மட்டும் பின்னால் வந்தன. கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டியதும் வெண்மதி இரண்டாவது சோதனையை முடித்துக்கொண்டாள். தனசேகரன் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"பாலத்துக்கு இந்தாண்ட ஒரு இடிஞ்ச சொவரு இருக்குது. டவுனு டவரு அங்கேர்ந்து நேராத் தெரியும். அங்கதான் நின்னு உடுவான். எப்பவுமே."

"எப்பவுமேவா?"

"நீ ஆஸ்டல்ல அழுதியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. நான் கேட்டேன். இன்னாடா மச்சான், எறங்காமயே எறங்கிட்டேன்னு சொல்றியேன்னு. எறங்கத்தானே போறேன்னான். கேட்டுக்குப் போறதுக்குள்ள ஏழு மணி ஆவுது, அதுவரைக்கும் புள்ள புக்கத் தொறக்காம உக்காந்துகினு இருக்கும்னான். அப்புறம் உனக்கு வேலை கெடச்சிது. இப்பவாவது நெசத்தச் சொல்லேன்டான்னேன். பழக்கமாயிடிச்சி, நடுவுல மாத்துனா பயந்துடும்னான். தமாஷா அலாரம் வேற வெச்சான், ஊதிகினு இருக்கும்போது மறந்துடுவேன்னு."

காற்று அடித்தது. கீழே கோயில் குளம் சின்னதாகத் தெரிந்தது.

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் அப்பிடித்தான். மகாராஷ்டிராக்காரங்க ஒம்பது பேரு. எல்லாத்தையும் முன்னால அனுப்பிட்டான். கீழ வந்தவங்க கேட்டுல என்கிட்ட கைகுடுத்துட்டுப் போனானுங்க, பீம்ராவ் பின்னால வர்றாருன்னு. ஆறரை ஆச்சி. வரல. டார்ச்ச எடுத்துகினு ஏறினேன். படியில உக்காந்துகினு இருந்தான். செவுத்துல சாஞ்சி, கழிய மடியில வெச்சிகினு. தூங்கறான்னு நெனச்சேன். ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சி பாப்பா. ரொம்ப நேரம் இல்ல."

"எந்தப் படி?"

"கீழேர்ந்து அறுபதாவது. எண்ணி வெச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் மண்டபத்துலன்னு சொன்னீங்க?"

தனசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாலு பேரு சேந்து கீழ தூக்கியாந்து மண்டபத்துல போட்டோம். உங்கம்மா ஓடியாந்து மொதல்ல கேட்டது, எறங்கிட்டாரான்னு. நீ போன்ல அழுதுகினே சொல்ற, எறங்கிட்டேன்னு கால் வந்துச்சி மாமான்னு. நான் இன்னா பண்ணுவேன்? செத்தவனப் பொய்யனாக்க எனக்கு மனசு வரல."

வெண்மதி கேட்க நினைத்த அடுத்த கேள்வியை அவரே எடுத்துக்கொண்டார்.

"சட்டைப்பையில இடது பக்கம் காலி. கொட்டை எல்லாம் வலது பக்கம். ஒம்பதும்."

அவள் தலையாட்டினாள். தனக்கென்று அவர் கொட்டை போட்டுக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போட்டிருந்தால் ஒன்று மிஞ்சியிருக்கும்.

இறங்கினார்கள். அறுபதாவது படி மற்றப் படிகளைப் போலத்தான் இருந்தது. ஓரம் தேய்ந்து, நடுவில் மழுங்கிய கல். வெண்மதி அதில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். கீழே மண்டபத்தின் கூரை தெரிந்தது. கூப்பிடு தூரம்தான், ஆனால் அந்த நேரத்தில் அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள். தலைக்கு மேல் இரண்டு பாறைகளுக்கு நடுவே நீளமாக ஒரு துண்டு வானம். டவர் சிக்னல் இல்லை. சோதனைப் போனைத் தூக்கிப் பிடித்தாள். முதல் தடவை போகவில்லை. பாறை மறைத்த பக்கத்தில் செயற்கைக்கோள் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் காத்திருந்து மறுபடி அனுப்பினாள். நாற்பத்தொரு நொடியில் போனது.

நாலு நிமிடம் நாற்பத்தொரு நொடி. செஞ்சி ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வரப் பத்து நிமிடம். கேட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரோடு இங்கே வர இருபது. அவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்.

"இது மட்டும் நைனா கையில இருந்திருந்தா, மாமா…"

தனசேகரன் போனை வாங்கிப் பட்டியலைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இந்தா பாரு. உங்கப்பன் கையில இது இருந்திருந்தா, நெஞ்ச ஒரு கையால புடிச்சிகினு இன்னொரு கையால இந்தக் கடேசி வரியத்தான் அமுக்கியிருப்பான். நலம், கவலை வேண்டாம். தெரியாதா உனக்கு அவன?"

வெண்மதிக்கும் சிரிப்பு வந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவை. அது பாதியில் வேறாகி, சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டாள். தனசேகரன் நாலு படி தள்ளிப் போய் நின்று, ஏறி வந்த ஒரு குடும்பத்திடம் தேவையில்லாமல், குரங்கு இருக்குது ஜாக்கிரதை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்த வேலைக்குத் திரும்பினாள். கடைசி வரியோடு இடத்தையும் அனுப்புவதா? காலையில் மலை ஏறும்போது அவளிடம் கேட்டிருந்தால், அனுப்பு, உயரத்தையும் சேர்த்து அனுப்பு என்று கத்தியிருப்பாள். அடிவாரம் என்று சொல்கிற ஆள் எழுநூறு அடி உயரத்தில் நிற்பது தெரியட்டும் என்று.

இப்போது யோசித்தாள். தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தால் நைனா அந்த வரியைத் தொட்டிருக்கவேமாட்டார். ஐந்து பத்துக்கு அவள் விட்ட மூச்சு ஏழு மணி வரைக்கும் உள்ளேயே நின்றிருக்கும். தினமும். பன்னிரண்டு வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சாயங்காலம். அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் அவர் இறங்கவில்லை. மற்ற எல்லா நாளும் சொன்னபடி இறங்கியிருக்கிறார். அந்தச் சாயங்காலங்களில்தான் அவள் படித்தாள், பரீட்சை எழுதினாள், வேலை கற்றாள். அவற்றைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் இல்லை.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. அந்த நாலாயிரத்தில் ஒருநாள் கூட அவள் ஏழரை மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்துட்டியா என்று கேட்டதில்லை. சட்டம் அப்படி. அவர் சொல்லிவிட்டார், அவள் நம்பிவிட்டாள், அதோடு முடிந்தது. அன்றைக்கும் கேட்கவில்லை. ஏழே முக்காலுக்குத் தனசேகரன் கூப்பிடும்வரை அவள் நிம்மதியாக ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டுக்கு நடந்து வந்தாள். சிக்னல் கிடைத்ததும் அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"மூணு எடமும் முடிஞ்சுது சார். அடிவாரம், கோயில் தாண்டி ஒண்ணு, படியில ஒண்ணு. மூணுலயும் போவுது. படியில மட்டும் காத்திருக்கணும்."

"சரி. கடைசி வரி?"

"இடம் வேணாம் சார். நலம்னு சொல்றவங்க சொல்றத அப்படியே அனுப்பிடலாம்."

"நிச்சயமா? வீட்டுல இருக்குறவங்க நம்பணுமேம்மா."

"நம்பட்டும். ஆனா அதோட விடக் கூடாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு, அந்தப் போன் டவருக்குத் திரும்பலன்னா, மேலேர்ந்து நாம ஒரு தடவ கேக்கணும். இன்னும் நலமான்னு. பதில் வரலன்னா அப்போ இடத்த எடுத்து ஆள அனுப்பணும்."

அரிகிருஷ்ணன் யோசித்தார். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது. "மேலேர்ந்து கீழ அனுப்பறது கஷ்டம்மா. ஒரு செயற்கைக்கோளுக்கு எத்தன பேரு இருப்பாங்க? எல்லாத்தையும் கேட்டுகினு இருக்க முடியுமா?"

"நலம்னு சொன்னவங்கள மட்டும்தானே சார்."

"அவங்களத்தான் எதுக்குக் கேக்கணும்கிறேன். கால் ஒடஞ்சவனக் கேளு, ஞாயம்."

"கால் ஒடஞ்சவரு அவரே சொல்லிடுவாரு சார்."

தனசேகரன் கேட்டில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு வேன் வந்து நின்று, காவிக்கொடியோடு ஆட்கள் இறங்கினார்கள். போன வருடமும் வந்தவர்கள் போல. ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்து, பீம்ராவ் எங்கே என்று கையால் கேட்டார். தனசேகரன் மேலே கையைக் காட்டினார். அவர் மலையைக் காட்டினாரா, வானத்தைக் காட்டினாரா என்று வந்தவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

"சரி, எழுதிக்கிறேன்," என்றார் அரிகிருஷ்ணன். "எத்தன தடவ கேக்கணும்? ஒரு நம்பர் குடு."

"ரெண்டு. பாறை மறைச்சா மொதத் தடவ போய்ச் சேராது," என்றாள் வெண்மதி. பிறகு, "இல்ல சார். மூணு போடுங்க."